தகரம் விரியும் சத்தம்

மூடுபனி இறங்கிவிட்டால் கலிபோர்னியாவின் துலாரேயில் யாரும் அவசியமில்லாமல் வண்டியை வெளியே எடுக்க மாட்டார்கள். வெண்டல் எடுத்தான், ஏனென்றால் அப்பா கூப்பிட்டிருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும், அப்பா கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு ஓடுகிற பழக்கம் அவனை விட்டபாடில்லை. அப்படி ஓடிப்போய் இதுவரை ஒரு நல்ல வார்த்தை வாங்கியதில்லை. ஆனாலும் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த பழைய வீட்டு வாசலில் இறங்கியபோது எதிரே இருக்கும் தகரக் கொட்டகை கண்ணுக்கே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஆர்வில் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் பிளாஸ்டிக் குழாய், காலடியில் ஆக்ஸிஜன் சிலிண்டர். எண்பதைத் தாண்டிய உடம்பு. பெயின்ட் புகையிலும் சிகரெட் புகையிலும் நுரையீரல் முக்கால்வாசி போய்விட்டது, கோபம் மட்டும் முழுசாக இருந்தது.

"லேட்டு," என்றார். மகனைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

சேதி இதுதான். பழைய காட்சி வண்டிகளைத் தேடிப்பிடித்து அடுத்த குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய கண்காட்சி வைக்கிறார்கள். அதற்கு 'நிலாத்துளி' வேண்டுமாம்.

நிலாத்துளி ஆர்வில் கட்டிய வண்டி. ஒரு பழைய ஃபோர்டை வெட்டி, ஒட்டி, தரையோடு தாழ்த்தி, ஓட்டுவதற்காக இல்லாமல் ஊரே பார்த்து வாய் பிளப்பதற்காகச் செய்த ஹாட் ராட். கதவு கிடையாது. தலைக்கு மேல் கூரையும் கிடையாது. அதற்குப் பதில் அக்ரிலிக்கில் ஒரே துண்டாக ஊதிய பெரிய குமிழ், கண்ணாடி போல. உள்ளே இருக்கும் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓடிக் குமிழைத் தூக்கும். ஏறி உட்கார்ந்து மறுபடி தட்டினால் மூடிக்கொள்ளும். 1963 வசந்தத்தில் அது முதல் பரிசு வாங்கியது, பத்திரிகை அட்டையில் வந்தது. அதே வருஷம் ஜூலையில் வெண்டலின் அம்மா டோரீன் அதற்குள்ளேயே செத்துப்போனாள்.

அப்போது அவனுக்கு ஆறு வயது. அவனுக்கும் ஊருக்கும் சொல்லப்பட்ட கதை ஒன்றுதான். டோரீனுக்கு மனசு சரியில்லை. யாருக்கும் தெரியாமல் கொட்டகைக்குப் போய், குமிழை இறக்கிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். ஜூலை வெயிலில், காற்றுப் புகாத குமிழுக்குள். ஷெரிப் வந்து பார்த்தார். பேட்டரி நன்றாக இருந்தது, மோட்டாரும் நன்றாக இருந்தது, சுவிட்சு அவள் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது. தட்டியிருந்தால் திறந்திருக்கும். அவள் தட்டவில்லை. "உங்கம்மாவுக்கு நம்ம ரெண்டு பேருமே வேணாம்னு ஆயிடுச்சு," என்று ஆர்வில் மகனிடம் சொன்னார். வெண்டல் அதை நம்பித்தான் வளர்ந்தான். ஊர்க் கல்லறைத் தோட்டம் பட்டறைக்குப் போகிற வழியில்தான் இருந்தது. ஒருநாளும் உள்ளே போனதில்லை. வேண்டாமென்று போனவளை எதற்குப் போய்ப் பார்ப்பது என்கிற வைராக்கியம்.

தார்ப்பாயை இழுத்ததும் எலிப்புழுக்கையும் தூசியும் கொட்டின. கூடவே பழைய பாலிஷ் வாசனை, இத்தனை வருஷத்துக்குப் பிறகும். குமிழ் மஞ்சளடித்துப் போயிருந்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் வாய் வருகிற உயரத்தில், பென்சில் நுழைகிற அளவுக்குச் சில துளைகள். வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை, கன்னாபின்னாவென்று துளைத்தவை. ஆர்வில் ஒரு கோடு கோணினால் முழு வேலையையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குகிற மனுஷன். அவர் வண்டியில் இப்படி ஒரு வேலையா என்று வெண்டலுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இது யாரு போட்ட ஓட்டை?"

ஆர்வில் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பனியில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"அட்டைப் படத்துல எப்படி இருக்கோ அப்படிச் செய்யணும்," என்றார். "அதுல ஓட்டை இருக்கா?"

"இல்ல."

"அப்ப இதுலயும் இருக்கக் கூடாது."

இந்தத் தொழிலில் அது எழுதாத சட்டம். ஒரு காட்சி வண்டிக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு, பரிசு வாங்கிய நாள். அன்றைய படத்தில் இருந்தது இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வண்டியில் வந்து சேர்ந்தது எல்லாம் அழுக்கு. ஏன் வந்தது, யார் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை, எடுத்து எறிந்துவிடுவார்கள். வெண்டல் அப்படித்தான் எத்தனையோ வண்டிகளைச் சுத்தம் செய்திருக்கிறான். அதில் அவனுக்கு நல்ல பேர். அந்தப் பேர் அப்பா காதில் மட்டும் விழுந்ததில்லை. இந்த ஒரு வண்டியைச் செய்துமுடித்து, அந்தக் கிழவர் வாயால் 'நல்லா செஞ்சிருக்கேடா' என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவருக்கு மிச்சம் இருக்கிற மூச்சுக்குள் கேட்டுவிட வேண்டும். வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போது அவன் மனசில் இருந்தது அவ்வளவுதான்.

பட்டறையில் அவனோடு வேலை செய்தவன் ராமிரோ, பெயின்ட் அடிப்பவன். இருபது வருஷப் பழக்கம். வாய்த் துடுக்கு அதிகம், கை சுத்தம். நிலாத்துளியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏறவும் கதவில்ல, எறங்கவும் கதவில்ல. உங்கப்பன் வண்டி கட்டினாரா, சவப்பெட்டி கட்டினாரா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் டோரீன் கதை ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிப்ரவரியில் இருக்கைகளைக் கழற்றினார்கள். பக்கத்து இருக்கைக்கு அடியில் ராமிரோ கைவிட்டுத் துழாவி ஒரு துணியை வெளியே எடுத்தான். கிழிந்த பனியன் துணி. பாலிஷ் ஊறிக் காய்ந்து கல்லாகியிருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்த பிடியிலேயே காய்ந்திருந்ததால் விரல் அழுத்திய பள்ளங்கள் அப்படியே தெரிந்தன. ராமிரோ தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தான். நுழையவில்லை.

"பொம்பளக் கை," என்றான். "உள்ள உக்காந்து கண்ணாடி தொடச்சிருக்காங்க."

வெண்டலுக்கு அது புதிதில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் குமிழை உள்பக்கம் துடைப்பது அம்மாவின் வேலை. அப்பாவின் தோள் அகலத்துக்கு உள்ளே கையைத் திருப்ப முடியாது, அம்மா ஒல்லி. குமிழை மூடிக்கொண்டு துடைத்தால்தான் கோடு தெரியும் என்பார் அப்பா. அதனால் அவள் மூடிக்கொண்டு துடைப்பாள், அவர் வெளியே நின்று இங்கே, அங்கே என்று விரலால் காட்டுவார். இதெல்லாம் வெண்டலுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை. துணியை வாங்கிக் குப்பை டிரம்மில் போட்டான்.

கோடையில் புதுக் குமிழ் ஊதினார்கள். அக்ரிலிக் பலகையைப் பெரிய அடுப்பில் வாட்டி, இரும்பு வளையத்தில் இறுக்கி, அடியிலிருந்து காற்றைக் கொடுத்தால் பூரி மாதிரி எழும்பும். ஒரு நொடி தவறினால் சுருக்கம் விழும், இல்லையென்றால் வெடிக்கும். பலகை மேல் பலகையாகப் பாழாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒன்று எழும்பி நின்றது. அதன் வழியாகப் பார்த்தால் நடுவே ஒன்று இருப்பதே தெரியவில்லை. வெண்டல் அன்று சந்தோஷமாக இருந்தான். பழைய குமிழை, துளைகளோடு, சுவரோரம் சாத்தி வைத்தான்.

டிசம்பரில் பெயின்ட் முடிந்தது. குமிழைச் சட்டத்தில் பொருத்தி, சுற்றிலும் புது ரப்பர் வைத்து இறுக்கினார்கள். மோட்டார் முனகாமல் தூக்கியது, முனகாமல் இறக்கியது. காட்சி அரங்குக்குள் போகிற வண்டிகளுக்குத் தீப்பிடிக்காமல் இருக்க பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. வெண்டல் டிக்கியைத் திறந்து வயரைக் கழற்றி, முனையைச் சிவப்புத் துணியில் சுற்றி, ஓரமாக மடித்து வைத்தான். பிறகு வண்டி மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினான்.

"சிவப்புத் துணி எதுக்குய்யா? அது என்ன கைக்கொழந்தையா?" என்று ராமிரோ சிரித்தான்.

"எங்கப்பா அப்படித்தான் செய்வாரு. வயரைக் கழட்டுவாரு, சுத்தி வைப்பாரு, துணியப் போத்துவாரு, சாப்பிடப் போவாரு."

"அப்பனுக்கு ஏத்த புள்ள," என்றான் ராமிரோ.

மறுநாள் காலை துணியை எடுத்தபோது குமிழுக்குள் ஆவி படிந்திருந்தது. குமிழ் முழுக்க இல்லை. பக்கத்து இருக்கைக்கு நேராக மட்டும், ஒரு தட்டு அகலத்துக்கு.

பசை ஈரம் காயவில்லை என்றான் வெண்டல். வயரை மாட்டிக் குமிழைத் திறந்துவைத்துக் காய விட்டார்கள். துடைத்தார்கள். மூடி, மறுபடி வயரைக் கழற்றி வைத்தார்கள். அடுத்த நாளும் அதே இடத்தில் ஆவி. பட்டறையை ஹீட்டர் போட்டுச் சூடாக்கினார்கள். அதற்கடுத்த நாள் ஆவி இன்னும் பெரிதாக இருந்தது. அதன் நடுவில் வட்ட வட்டமாகத் துடைத்த தடம்.

தடம் உள்பக்கம் இருந்தது.

வெளியே பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பட்டறையில் பெயின்ட்டும் தின்னரும்தான் எப்போதும் நாறும். அன்று வேறொரு வாசனை கலந்திருந்தது. வெயிலில் காய்ந்த தகரத்தின் வாசனை. சூடான, அடைத்துவைத்த, வியர்வை கலந்த வாசனை. ராமிரோவும் மோந்திருக்க வேண்டும், கையிலிருந்த காபியைக் கீழே வைத்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவி கொஞ்சம் பரவியது. சுருங்கியது. மறுபடி பரவியது.

மூச்சு விடுகிற மாதிரி.

"காத்து கேக்குது, வெண்டல்," என்று ராமிரோ கிசுகிசுத்தான். "அந்தப் பழசுல ஓட்டை எதுக்குன்னு இப்பத் தெரியுது. திரும்பப் போட்டுடு."

"படத்துல ஓட்டை இல்ல."

"படத்தக் கொண்டுபோய்க் குப்பைல போடு."

வெண்டல் மாட்டேன் என்றான். புதுக் குமிழில் ஓட்டை போட்டால் அப்பா என்ன சொல்வார் என்பதுதான் அந்த நேரத்திலும் அவனுக்குப் பெரிதாகப் பட்டது. ராமிரோ சிலுவை போட்டுக்கொண்டு, சட்டையை மாட்டினான். கண்காட்சி முடிந்து இந்த வண்டி வெளியே போகும்வரை பட்டறை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடியே வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் அவன் மனைவி சோளமாவில் அவித்துக் கொடுத்துவிடுகிற தமாலே மட்டும் பக்கத்துக் கடையில் வைக்கப்பட்டிருந்தது.

தனியாக மிச்ச வேலையைப் பார்த்தான் வெண்டல். வேலை என்று பெரிதாக இல்லை. காலையில் வந்தால் ஆவியைத் துடைப்பது, மத்தியானம் துடைப்பது, போகும்போது துடைப்பது. ஒருநாள் மத்தியானம் ஸ்டூலில் உட்கார்ந்து தமாலேயைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வண்டி துணி மூடி நின்றது.

டக்.

வாயில் இருந்ததை மென்றபடி நிமிர்ந்தான்.

டக். டக்.

தகரக் கூரைதான் என்று நினைத்தான். நினைத்த அந்த நொடியிலேயே கை நின்றுவிட்டது. அந்த வார்த்தை அவனுடையது இல்லை. சாப்பாட்டு மேஜை. ரேடியோவில் பேஸ்பால். ஜன்னலுக்கு வெளியே கண்ணைக் கூசும் வெயில். கொட்டகையிலிருந்து டக், டக் என்று சத்தம். ஆறு வயது வெண்டல், அப்பா, கொட்டகைல யாரோ தட்டறாங்க என்கிறான். அப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டே, ரேடியோவிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொல்கிறார்: "தகரம்டா. வெயிலுக்கு விரியுது."

இப்போது ஜனவரி. வெளியே சூரியன் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. ஜனவரியில் எந்தத் தகரமும் விரியாது.

துணிக்கடியில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஒருகட்டத்தில் நின்றது. வெண்டலுக்குக் கல்லாகிப்போன அந்தப் பனியன் துணி ஞாபகம் வந்தது. சாகத் தீர்மானித்து உள்ளே போய் உட்காருகிறவள் எதற்குத் துணியையும் பாலிஷையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்? மூலை விடாமல் எதற்குத் துடைக்க வேண்டும்? நாற்பது வருஷம் அம்மாவை வெறுத்தவனுக்கு இந்தக் கேள்வி இப்போதுதான் வருகிறதே என்று அழுகை வந்தது.

அழுதான். ஆனால் ஓட்டை போடவில்லை. அப்பா நாளைக்கு வண்டி பார்க்க வருகிறார், அவர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டான். அவன் அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் ஆர்விலைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். சிலிண்டரை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, மறுகையில் டார்ச்சை வைத்துக்கொண்டு கிழவர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். வெள்ளிமீன் மாதிரி மின்னிய பெயின்ட்டைத் தடவினார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். குமிழ் முன்னால் வெகுநேரம் நின்றார். அன்று அதில் ஆவி இல்லை. துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. வெண்டல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"எடது பக்கம் லேசா ஒரு அலை இருக்கு," என்றார் ஆர்வில்.

அவ்வளவுதான். ஒரு வருஷ உழைப்புக்கு அவ்வளவுதான். வெண்டலுக்குள் என்னவோ ஒன்று அறுந்தது.

"அன்னைக்கு அம்மா உள்ள தொடச்சிக்கிட்டு இருந்தாங்களா?" என்று கேட்டான்.

கிழவர் டார்ச்சை அணைத்தார். "என்னை உள்ள உக்கார வை. அட்டைப் படத்துல இருந்த மாதிரியே ஒரு படம் எடு."

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"படம் எடுடா."

வயரை மாட்டிக் குமிழைத் திறந்து, அவரைத் தூக்கி உட்காரவைத்தான், எப்போதும் போல. ஓட்டுபவர் இருக்கையில் சாய்ந்ததும் ஆர்வில் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி மகனிடம் நீட்டினார். இந்தக் கருமத்தை மாட்டிக்கொண்டு படத்தில் வர மாட்டேன் என்றார். ரெண்டு நிமிஷம் தாங்கும் என்றார். தானே சுவிட்சைத் தட்டினார். குமிழ் மெல்ல இறங்கி ரப்பரில் பதிந்து மூடிக்கொண்டது.

வெண்டல் கேமராவை உயர்த்தினான். படத்துக்குள் அப்பா முகவாயைத் தூக்கி, அந்தக் காலத்து வெற்றிச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையின் மெத்தை அமுங்கியிருந்தது.

அங்கே யாரும் இல்லை. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

ஆவி கிளம்பியது.

முதலில் பக்கத்து இருக்கைக்கு நேராக. பிறகு குமிழின் உச்சிக்கு. பிறகு அப்பாவின் பக்கம். ஆர்வில் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். மறுபடி தட்டினார். மோட்டார் அசையவில்லை. வெண்டல் டிக்கிக்கு ஓடித் திறந்தான்.

பேட்டரி வயர் கழன்றிருந்தது. முனை சிவப்புத் துணியில் அழகாகச் சுற்றி, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

குமிழை மூடியது இந்தப் பேட்டரிதான். அதற்குப் பிறகு டிக்கிப் பக்கம் யாரும் வரவில்லை. துணியைப் பிய்த்து வயரை மாட்டி இறுக்கினான். மோட்டாருக்கு உயிர் வந்தது. உறுமியது. குமிழ் இம்மிகூட அசையவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற மாதிரி சட்டம் முழுக்க அதிர்ந்தது.

சுத்தியலால் அடித்தான். தெறித்துத் திரும்பியது. அவன் ஊதிய குமிழ், நல்ல கனம். உள்ளே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதற்குள்ளிருந்து உள்ளங்கை ஒன்று அறைந்தது. பெரிய கை, அப்பாவின் கை. டக். டக். டிரில் மிஷினை எடுத்தான். எங்கே துளைப்பது என்று யோசிக்க நேரமில்லை, மாதக்கணக்கில் பார்த்துப் பழகிய இடத்துக்குக் கை தானாகப் போயிற்று. பக்கத்து இருக்கை, வாய் வருகிற உயரம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். பிட் உள்ளே இறங்கியது.

துளை வழியாகச் சூடான காற்று அவன் முகத்தில் அடித்தது. ஜூலைக் காற்று. பாலிஷ் வாசனை, வெந்த தகர வாசனை.

காதைத் துளையில் வைத்தான். அப்பாவின் குரல் கேட்டது. அவனிடம் பேசவில்லை.

"போதும், டோரீன்... தொடச்சது போதும்." மூச்சு வாங்கியது. "மறந்துட்டேன். வயரைக் கழட்டிட்டுத் துணியப் போத்தும்போது... நீ உள்ள இருக்கறதையே மறந்துட்டேன். வேணும்னு செய்யல. சாயங்காலம் துணிய எடுத்தப்பதான்..."

அதற்குப் பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. துளைக்குப் பக்கத்தில், உள்ளே, யாரோ நீளமாக ஒரு மூச்சை இழுத்து விட்டார்கள். அது கிழவரின் மூச்சு இல்லை.

குமிழ் தானாக எழும்பியது.

இருதயம் நின்றுவிட்டது, இந்த வயதில் இது சகஜம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெண்டல் சரி என்று தலையாட்டினான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஷெரிப் வந்தபோது வயர் மாட்டியிருந்தது என்றால், அதை மாட்டிவைத்துவிட்டுத்தான் அப்பா ஷெரிப்பைக் கூப்பிட்டிருக்கிறார். மறந்ததைக்கூட மன்னித்துவிடலாம். மறதி யாருக்கும் வரும். செத்தவள் மேலேயே பழியைப் போட்டு, அம்மாவுக்கு நீ வேண்டாம் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லி, அதை நம்பவைத்து வளர்த்தாரே, அதை எப்படி மன்னிப்பது? கல்லறைத் தோட்டத்தில் டோரீனுக்குப் பக்கத்து இடத்தை ஆர்வில் தனக்காக எப்போதோ வாங்கி வைத்திருந்தார். அங்கே வேண்டாம் என்று வெண்டல் சொல்லிவிட்டான். அவரை வேலியோரம், தள்ளிப் புதைத்தார்கள். அன்றுதான் முதல்முறையாக அம்மாவின் கல்லைப் பார்த்தான். பாசி மூடியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

பட்டறைக்குத் திரும்பி, பழைய குமிழில் இருந்த மாதிரியே, அந்தத் துளைக்குப் பக்கத்தில் மிச்சத் துளைகளையும் போட்டான். கண்காட்சிக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது வண்டி வராது என்றான். அதன் பிறகு பக்கத்து இருக்கைப் பக்கம் ஆவி படியவில்லை. மெத்தையும் அமுங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ராமிரோ தன் ஸ்ப்ரே கன்னை எடுத்துப்போக வந்தான். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தான். துளைகளைப் பார்த்ததும் முகம் தெளிந்து உள்ளே வந்தான்.

"போயிட்டாங்க," என்றான் மெதுவாக. "பாவம், காத்து கெடச்சிடுச்சு."

அப்புறம் வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். நின்றான். ஸ்ப்ரே கன்னை எடுத்துக்கொண்டு, வெண்டலின் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினான்.

வெண்டல் எழுந்து போய்ப் பார்த்தான். ஓட்டுபவர் இருக்கைக்கு நேராக ஆவி படிந்திருந்தது. அதில் ஒரு உள்ளங்கை. பெரிய கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவி பரவியது, சுருங்கியது, இழுத்து இழுத்து. அந்தப் பக்கம் துளை ஒன்றும் இல்லை.

டக்.

டிரில் மிஷின் மேஜை மேல்தான் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

டக். டக்.

வெளியே பனி வாசல்வரை வந்து நின்றது. வெண்டல் வெள்ளைத் துணியை உதறி விரித்து, மூலை விடாமல் வண்டியைப் போர்த்தினான்.

"தகரம்," என்றான். "வெயிலுக்கு விரியுது."

விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.